நெல்லைச் சீமையின் கிராமத்து ஆஸ்பத்திரிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

களக்காடு, நாங்குநேரி, ராதாபுரம், முக்கூடல், அம்பாசமுத்திரம் பக்கத்துக் கிராமங்களில் ஒருவருக்குத் திடீரென்று உடம்புக்கு முடியாமல் போனால், வீட்டில் முதலில் எழும் பேச்சு "ஐகிரவுண்டுக்குக் கொண்டு போயிருவோமா?" என்பதுதான். பாளையங்கோட்டை ஐகிரவுண்டில் இருக்கும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நமக்கெல்லாம் பெரிய துணை, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அங்கே போகிற அவசரத்தில், வழியில் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தையும் தாலுகா ஆஸ்பத்திரியையும் தாண்டிப் போய்விடுகிறோம். பல நேரம் உயிரைக் காப்பாற்றும் முதல் ஊசி அங்கேதான் இருக்கிறது. அந்தச் சின்ன ஆஸ்பத்திரிகள் எப்படி வந்தன, அங்கே என்ன கிடைக்கும் என்று சொந்தக்காரர்களும் ஊர்க்காரர்களும் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

நம் பக்கத்துக் கிராமங்களுக்கு ஆங்கில வைத்தியம் எப்போது வந்தது?

ஏறத்தாழ 150 வருஷக் கதை. தெற்கே, அன்றைய திருவிதாங்கூரில் இருந்த நெய்யூரில் 1838-லேயே மிஷன் மருத்துவப் பணி தொடங்கிவிட்டது. நம் சீமையில் அதற்குப் பெயர் பெற்ற ஊர் நாசரேத். ஜே. எம். ஸ்ட்ராக்கன் என்ற டாக்டர் 1870 வாக்கில் அங்கே மருத்துவப் பணியைத் தொடங்கினார். பின்னாளில் ரங்கூன் பேராயராகப் போனவர் அவர். அவருக்குப் பிறகு 1876-ல் மர்காஷிஸ் ஐயர் வந்தார். மிஷனரிகளை அந்தக் காலத்தில் ஐயர் என்றுதான் நம் ஊரில் அழைத்தார்கள்.

அவர் வந்த நேரம் பொல்லாத நேரம். தாது வருஷப் பஞ்சம் தொடங்கிய வருஷம் அது. 1876 முதல் 1878 வரை தென்னாடு முழுக்க மழையில்லை, தவசம் இல்லை, பின்னாலேயே காலராவும் வந்தது. பெற்றோரை இழந்த பிள்ளைகளைச் சேர்த்து வளர்க்க நாசரேத்தில் அநாதை இல்லம் எழும்பியது, கைத்தொழில் கற்றுத்தரப் பள்ளி எழும்பியது, ஆஸ்பத்திரியும் வளர்ந்தது. மர்காஷிஸ் 1908-ல் சாகும்வரை அந்த ஊரிலேயே இருந்தார். இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் இருந்தாலும், 1986 வரை நாசரேத் திருநெல்வேலி மாவட்டம்தான்.

ஒரு ஊருக்கு ஆஸ்பத்திரி வரும்போது கூடவே பள்ளிக்கூடமும் தொழிலும் ஏன் வருகின்றன என்பதற்கு நாசரேத்தைப் பார்த்தால் போதும். வயிறு காய்ந்தவனுக்கு மருந்து மட்டும் கொடுத்துப் பயனில்லை என்று அவர்கள் அன்றே புரிந்துகொண்டிருந்தார்கள்.

டோனாவூர் ஆஸ்பத்திரியும் அதே காலமா?

இல்லை, அது பிந்தியது. அயர்லாந்தில் பிறந்த ஏமி கார்மைக்கேல் 1901-ல் டோனாவூரில் தங்கினார். கோயில்களுக்கு விடப்பட இருந்த பெண் குழந்தைகளை எடுத்து வளர்த்ததற்காகத்தான் அவரை உலகம் அறியும். அந்தக் குழந்தைகளுக்கு நோய் வந்தால் பார்க்கப் பக்கத்தில் ஆள் இல்லாத குறையே அங்கே ஒரு ஆஸ்பத்திரி எழக் காரணங்களில் ஒன்று. பரம சுக சாலை என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். பிறகு அது சுற்றுவட்டார மக்களுக்கெல்லாம் பொதுவானது. ஏமி 1951-ல் அங்கேயே காலமானார்.

பெரியவர்கள் "தர்மாஸ்பத்திரி" என்று சொல்வது எது?

வெள்ளைக்காரர் காலத்தில் 1884-ஆம் வருஷத்துச் சென்னை உள்ளாட்சிச் சட்டத்தின்படி ஜில்லா போர்டுகளும் தாலுகா போர்டுகளும் வந்தன. சாலை போடுவது, அம்மை குத்துவது, மருந்தகம் நடத்துவது எல்லாம் அவற்றின் வேலைகள். அந்த போர்டு மருந்தகங்களையும், பின்னால் வந்த அரசு ஆஸ்பத்திரிகளையும் சேர்த்துத்தான் தர்மாஸ்பத்திரி என்றார்கள். வீட்டில் இருந்து பாட்டில் கொண்டுபோனால் கம்பவுண்டர் மிக்ஸ்சர் ஊற்றித் தருவார். தர்மம் என்று சொன்னாலும் அது நம் வரிப்பணத்தில் நடந்ததுதான். இன்றைக்கும் அப்படித்தான். அரசு ஆஸ்பத்திரிக்குள் போகும்போது கூனிக் குறுகி நிற்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

ஆரம்ப சுகாதார நிலையம் எப்போது வந்தது?

சுதந்திரத்துக்கு முன்பே திட்டம் தயார். ஜோசப் போர் தலைமையிலான குழு 1946-ல் கொடுத்த அறிக்கையில், முதல் கட்டமாக 40,000 பேருக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையம் வேண்டும் என்று எழுதியது. 1952 அக்டோபர் 2-ல் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோது, வட்டார வளர்ச்சி அலுவலகங்களை ஒட்டி இவை ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. இப்போதைய அளவு, சமவெளியில் 30,000 பேருக்கு ஒன்று, மலைப்பகுதியில் 20,000 பேருக்கு ஒன்று. அதற்குக் கீழே 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலையில் 3,000 பேருக்கு ஒன்று.

இந்த மலைக் கணக்கு நமக்குத் தேவை. பாபநாசத்துக்கு மேலே காரையாறு, சேர்வலாறு, மயிலாறு, இஞ்சிக்குழி என்று காணி மக்கள் வசிக்கும் இடங்கள் இருக்கின்றன. ஆள் தொகையை மட்டும் பார்த்தால் அங்கே ஒன்றுமே வைக்க முடியாது. தூரத்தையும் மழைக்காலத்தில் பெருகும் ஆற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் அங்கே ஒரு நர்ஸ் ஏன் வேண்டும் என்று தெரியும்.

சப் சென்டர், பி.எச்.சி., ஜி.எச்., ஐகிரவுண்டு: எதற்கு எங்கே போவது?

சப் சென்டர் என்பது துணை சுகாதார நிலையம். அங்கே இருப்பவர் கிராம சுகாதார செவிலியர், ஊரில் எல்லோருக்கும் தெரிந்த நர்சம்மா. கர்ப்பத்தைப் பதிவு செய்வது, தடுப்பூசி போடுவது, பிள்ளைக்கு எடை பார்ப்பது அவர் வேலை. ஆரம்ப சுகாதார நிலையத்தைத்தான் பி.எச்.சி. என்கிறோம், அங்கே டாக்டர் உண்டு. காய்ச்சல், புண், சுகர், பிரஷர், சாதாரணப் பிரசவம், பாம்புக்கடி, நாய்க்கடி எல்லாம் அங்கே பார்க்கலாம். வட்டாரத்துக்கு ஒன்றாவது 30 படுக்கையோடு மேம்படுத்தப்பட்டதாக இருக்கும். அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, நாங்குநேரி, வள்ளியூர் போன்ற ஊர்களில் இருப்பவை அரசு மருத்துவமனைகள், அதாவது ஜி.எச். அறுவை சிகிச்சையும் எலும்பு முறிவும் அங்கே. அதற்கு மேல் என்றால் ஐகிரவுண்டு. மருத்துவக் கல்லூரி தொடங்கியது 1965-ல்.

இந்த மூன்றும் மூன்று தனித்தனித் துறைகளின் கீழ் வருகின்றன என்பது பலருக்குத் தெரியாது. பி.எச்.சி. பொது சுகாதாரத் துறை, ஜி.எச். ஊரக நலப்பணிகள் துறை, ஐகிரவுண்டு மருத்துவக் கல்வித் துறை. அதனால் ஒரு இடத்துச் சீட்டு இன்னொரு இடத்தில் தானாகத் தெரியாது. பழைய சீட்டு, ஸ்கேன், ரத்தப் பரிசோதனைத் தாள் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வைத்துக் கையோடு கொண்டு போங்கள்.

பாம்பு கடித்தால் நேரே ஐகிரவுண்டுக்குப் போவதுதானே நல்லது?

இல்லை. கிட்ட இருக்கிற ஆஸ்பத்திரிக்குத்தான் முதலில் போக வேண்டும். இந்த ஒரு பதிலை மட்டும் நாலு பேருக்குச் சொல்லிவிட்டால்கூட நான் எழுதியதற்குப் பலன்.

வள்ளியூரில் இருந்து ஐகிரவுண்டு சுமார் 40 கிலோமீட்டர். ராதாபுரம் பக்கம் என்றால் இன்னும் தள்ளி. விஷமுறிவு மருந்தை எவ்வளவு சீக்கிரம் ஏற்றுகிறோம் என்பதில்தான் உயிரும் கையும் காலும் இருக்கின்றன. அந்த மருந்து பி.எச்.சி.யிலேயே இருப்பு வைக்கப்படுகிறது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கு பாம்புகளின் விஷத்துக்கும் அது ஒன்றே போதும். அதனால் பாம்பைத் தேடி அடித்துக் கொண்டுபோகத் தேவையில்லை. அப்படித் தேடப் போய் இரண்டாவது ஆளும் கடி வாங்குவது உண்டு.

அங்கே முதலில் ஒரு எளிய சோதனை செய்வார்கள். கொஞ்சம் ரத்தத்தை எடுத்துக் காய்ந்த கண்ணாடிக் குழாயில் ஊற்றி, 20 நிமிஷம் அசைக்காமல் வைத்துப் பார்ப்பார்கள். உறையவில்லை என்றால் கண்ணாடி விரியன் அல்லது சுருட்டை விரியன் விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்று தெரிந்துவிடும். பெரிய மெஷின் எதுவும் வேண்டாம். மருந்தை ஏற்றத் தொடங்கிவிட்டு, தேவைப்பட்டால் 108-ல் மேலே அனுப்புவார்கள். மருந்து ஏறிக்கொண்டே போவதற்கும் வெறுமனே போவதற்கும் உள்ள வித்தியாசம் மிகப் பெரியது.

கட்டுவிரியனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அது இரவில் தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவர்களைக் கடிக்கும். பெரும்பாலும் வலிக்காது, பல் பட்ட இடம்கூடத் தெரியாது. விடியற்காலம் வயிற்றைப் பிசைகிறது, கண் இமை சொக்குகிறது, பேச்சு குழறுகிறது என்று சொல்வார்கள். வாயுக் கோளாறு என்று சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்து நேரத்தைப் போக்கிவிடாதீர்கள். தரையில் படுத்தவருக்கு இமை சொக்கினால் உடனே கிளம்பி ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கயிற்றால் இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். கடிபட்ட கையையோ காலையோ ஒரு குச்சியோடு சேர்த்து அசையாமல் வைத்து, நடக்க விடாமல் தூக்கிக் கொண்டு போங்கள். தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாக்கியது. இனி ஒவ்வொரு கடியும் கணக்கில் வர வேண்டும், எந்த ஊரில் எவ்வளவு மருந்து வேண்டும் என்று அதை வைத்துத்தான் தெரியும். மந்திரிக்கப் போனவர் அந்தக் கணக்கில் வரமாட்டார்.

நாய் கடித்தால்?

ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவுங்கள். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காப்பித்தூள் எதையும் அப்பாதீர்கள். அப்புறம் பி.எச்.சி. ஊசி முதல் நாள், 3-ஆம் நாள், 7-ஆம் நாள், 28-ஆம் நாள். கடைசி ஊசியைத்தான் மறந்துவிடுகிறார்கள், காலண்டரில் குறித்து வையுங்கள். ரத்தம் வரும்படி கடித்திருந்தால் புண்ணைச் சுற்றிப் போடும் இன்னொரு மருந்தும் வேண்டும், அதற்கு எங்கே போக வேண்டும் என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். வெறிநோய் வந்த பிறகு வைத்தியம் இல்லை.

பனையில் இருந்து விழுந்தவரை எப்படிக் கொண்டு போவது?

திசையன்விளை, ராதாபுரம், உடன்குடிப் பக்கம் பதனீர்க் காலம் வந்தால் மனசு பதறத்தான் செய்கிறது. விழுந்தவரை உடனே இரண்டு பேர் கை காலைப் பிடித்துத் தூக்கி, ஆட்டோவில் மடக்கி உட்கார வைத்துவிடுகிறார்கள். முதுகெலும்பு முறிந்திருந்தால், விழுந்ததில் தப்பிய நரம்பு தூக்கியதில் போய்விடும். அவர் காலை அசைக்கிறாரா என்று பாருங்கள். பலகையோ கதவோ கட்டிலோ கொண்டுவந்து, தலை, கழுத்து, முதுகு, இடுப்பு ஒரே நேராக இருக்கும்படி நாலு பேர் சேர்ந்து உருட்டி ஏற்றுங்கள். 108-ஐக் கூப்பிட்டால் இதற்கான பலகை அவர்களிடமே இருக்கும். 2008 செப்டம்பரில் இருந்து தமிழ்நாட்டில் ஓடுகிறது அந்த வண்டி. எங்கே கொண்டு போக வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரியில் விபத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்லி, ஏ.ஆர். காப்பி வாங்கி வையுங்கள். பனைமரத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருந்தால் விபத்து உதவி கேட்க அது வேண்டும். பதியாதவர்கள் மரம் ஏறுவதற்கு முன்பே பதிந்துவிடுங்கள்.

நாலுவழிச் சாலையில் அடிபட்டவர்களுக்கு வேறு ஏற்பாடு உண்டு. 2021 டிசம்பரில் தொடங்கிய "இன்னுயிர் காப்போம்" திட்டத்தில், பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரியில்கூட முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் காசு கட்ட வேண்டாம். அடிபட்டவர் எந்த ஊர்க்காரர் என்றும் பார்ப்பதில்லை.

பிரசவத்தை பி.எச்.சி.யில் வைத்துக்கொள்ளலாமா, பயமில்லையா?

சிக்கல் இல்லாத பிரசவம் என்றால் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். நம் பாட்டிமார் காலத்தில் மருத்துவச்சிதான் எல்லாம். கைராசிக்காரிகள், ராத்திரி எந்நேரம் கூப்பிட்டாலும் வந்தவர்கள், அவர்களை மறக்கக் கூடாது. ஆனால் பிள்ளை பிறந்த பிறகு ரத்தம் நிற்காமல் போனால் அவர்கள் கையில் மருந்து இல்லை. இன்று பிள்ளை பிறந்த உடனே கர்ப்பப்பை சுருங்க ஊசி போட்டுவிடுகிறார்கள். அந்த ஒரு ஊசி காப்பாற்றிய தாய்மார் எத்தனையோ பேர். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99-க்கு மேற்பட்ட பிரசவங்கள் ஆஸ்பத்திரியில்தான் நடக்கின்றன.

செய்ய வேண்டியது இதுதான். நாள் தள்ளிப்போனது தெரிந்ததும், 12 வாரத்துக்குள் நர்சம்மாவிடம் பதிந்துவிடுங்கள். அவர் தரும் எண் பின்னால் பிறப்புச் சான்றிதழுக்கும் வேண்டும். பெரும்பாலான பி.எச்.சி.களில் செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகளுக்கு, புதன்கிழமை தடுப்பூசிக்கு. ரத்தம் குறைவு, பிரஷர், சுகர், இரட்டைப் பிள்ளை, முந்தின பிரசவம் ஆபரேஷன் என்று ஏதாவது இருந்தால் அவர்களே முன்கூட்டி ஜி.எச்.சுக்கோ ஐகிரவுண்டுக்கோ எழுதிக் கொடுப்பார்கள். அப்படி எழுதினால் அதன்படி போங்கள். வலி எடுத்த பிறகு ஓடுவதைவிட ஒரு வாரம் முன்னே போய்ச் சேர்வது மேல். பிறந்த பிறகு 48 மணி நேரமாவது ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். தாயையும் பிள்ளையையும் வீட்டில் கொண்டுவந்து விட 102 வண்டி இலவசம்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி 1987-ல் 300 ரூபாயாகத் தொடங்கியது. இன்று 18,000 ரூபாய்: தவணையாக 14,000 பணம், 4,000 மதிப்புள்ள இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகம். 19 வயது நிரம்பியவர்களுக்கு, முதல் இரண்டு பிரசவத்துக்கு. பணம் தாயின் வங்கிக் கணக்குக்குத்தான் போகும். அதை அவள் சாப்பாட்டுக்கே செலவழியுங்கள் என்று வீட்டில் உள்ள ஆண்களிடம் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

கவர்மென்ட் மாத்திரை வேலை செய்யுமா?

செய்யும். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-ல் உருவாக்கப்பட்டது. மாநிலம் முழுமைக்கும் மொத்தமாக டெண்டர் விட்டு வாங்குவதால் விலை குறைவு. வந்து இறங்கும் ஒவ்வொரு தொகுதியிலும் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பி, தேறிய பிறகுதான் கிடங்கில் இருந்து வெளியே விடுகிறார்கள். பளபளப்பான அட்டை இல்லை என்பதால் மருந்து மட்டம் என்று ஆகாது.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக் உண்டு, அதில் ஒதுக்கிய தொகைக்குள் மாவட்டக் கிடங்கில் இருந்து மருந்து எடுப்பார்கள். எவ்வளவு பேர் வந்தார்கள், எந்த மருந்து எவ்வளவு செலவானது என்று பார்த்துத்தான் அடுத்த வருஷத் தேவையைக் கணக்கிடுகிறார்கள். நாம் போகப் போகத்தான் அந்த ஆஸ்பத்திரி பெருகும்.

சுகர், பிரஷர் மாத்திரைக்கு மாதாமாதம் அலைய முடியவில்லை.

2021 ஆகஸ்டில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் வீட்டுக்கே வந்து தருகிறார்கள். முதலில் ஒரு தடவை பி.எச்.சி.யில் காட்டிப் பெயர் சேர்க்க வேண்டும். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வலி மருந்தும், உடற்பயிற்சி சொல்லித் தர ஆளும் வருவார்கள். மாத்திரை வீட்டுக்கு வருகிறது என்று பரிசோதனையை விட்டுவிடாதீர்கள்.

பீடி சுற்றுகிறேன், இருமல் நிற்கவே இல்லை. எங்கே காட்டுவது?

இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் பி.எச்.சி.யில் சளிப் பரிசோதனை செய்யுங்கள், காசு கிடையாது. முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் சுற்றுவட்டாரத்தில் மடியில் முறத்தை வைத்து நாள் முழுக்கக் குனிந்து சுற்றும் பெண்களுக்குப் புகையிலைத் தூள் நெஞ்சில் இறங்கிக்கொண்டே இருக்கிறது. எல்லா இருமலும் காசநோய் அல்ல. காசநோயாகவே இருந்தாலும் ஆறு மாதம் மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் குணமாகும். சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் கணக்கில் வரும்.

பீடித் தொழிலாளர்களுக்கென்றே முக்கூடலில் மத்திய அரசின் ஆஸ்பத்திரி இருக்கிறது. 1976-ல் வந்த பீடித் தொழிலாளர் நலநிதிச் சட்டத்தின் பலன் அது. பீடி மீது வரி போட்டு, அந்தப் பணத்தில் மருத்துவமும் பிள்ளைகள் படிப்புக்கு உதவியும் நடந்தன. ஜி.எஸ்.டி. வந்த 2017-ல் அந்த வரி எடுக்கப்பட்டுவிட்டது. அதற்குப் பிறகு அரசு ஒதுக்கும் பணத்தை நம்பித்தான் எல்லாம். இந்தப் பெண்கள் சுற்றிய ஒவ்வொரு கட்டும் அந்த நிதிக்குக் காசு சேர்த்திருக்கிறது. அதனால் அந்த ஆஸ்பத்திரி நன்றாக நடக்க வேண்டும் என்று கேட்கும் உரிமை மற்ற யாரையும்விட அவர்களுக்கு அதிகம். அடையாள அட்டை இல்லாதவர்கள் கம்பெனியிடம் கேட்டு வாங்குங்கள்.

கண்புரைக்கு?

கிராமத்தில் கண் முகாம் நடக்கும்போது போங்கள். ஊர் ஊராகப் போய் முகாம் போட்டு, பஸ்ஸில் அழைத்துப் போய் ஆபரேஷன் செய்து திரும்பக் கொண்டுவிடும் முறையைப் பெருக்கிக் காட்டியவர் டாக்டர் ஜி. வெங்கடசாமி. எட்டயபுரத்துக்குப் பக்கம் வடமலாபுரத்துக்காரர், அன்றைய நெல்லை ஜில்லா. 1976-ல் மதுரையில் 11 படுக்கையோடு தொடங்கிய அவருடைய அரவிந்த் கண் மருத்துவமனை 1988-ல் திருநெல்வேலிக்கும் வந்தது.

காய்ச்சலுக்கு நிலவேம்புக் குடிநீர் போதுமா?

குடிக்கலாம், பரிசோதனையும் செய்ய வேண்டும். பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது, பல பி.எச்.சி.களில் சித்தா பிரிவும் உண்டு. ஆனால் 2012-ஐ மறக்க முடியாது. அன்று நம் மாவட்டத்தில் இருந்த கடையநல்லூர் உட்படப் பல ஊர்களை டெங்கு அந்த வருஷம் உலுக்கியது. காய்ச்சல் விட்ட பிறகு வரும் இரண்டு நாள்தான் ஆபத்து. வயிற்று வலி, ஓயாத வாந்தி, ரத்தக் கசிவு, கை கால் சில்லிட்டுப்போதல், இதில் எது தெரிந்தாலும் வீட்டில் வைத்திருக்காதீர்கள். தண்ணீர் பிடித்து வைக்கும் குடத்தையும் தொட்டியையும் மூடி வையுங்கள், வாரம் ஒரு தடவை தேய்த்துக் கழுவுங்கள். அந்தக் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும்.

மிஷன் ஆஸ்பத்திரிகளில் ஏன் காசு வாங்குகிறார்கள்?

சுதந்திரத்துக்குப் பிறகு வெளிநாட்டுப் பணம் மெல்ல மெல்லக் குறைந்து, சபையின் நிர்வாகப் பிரிவுகளான திருமண்டலங்கள்தான் அவற்றைப் பொறுப்பேற்று நடத்துகின்றன. நோயாளிகள் கட்டும் பணத்தில்தான் சம்பளம் கொடுக்க வேண்டும். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால், பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரிகளில் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் ரூபாய் வரை பார்க்கலாம். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். சேர்வதற்கு முன் அந்த ஆஸ்பத்திரி பட்டியலில் உண்டா, அந்தச் சிகிச்சை அதில் வருமா என்று இரண்டையும் கேளுங்கள்.

டாக்டர் இல்லை, மருந்து இல்லை என்றால் யாரிடம் சொல்வது?

104-க்கு போன் செய்து சொல்லலாம். ஆனால் நிலைத்த பலன் வேண்டுமென்றால் கிராம சபைக்குப் போங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடுகிறது. "ஆஸ்பத்திரி சரியில்லை" என்று பொதுவாகச் சொன்னால் காற்றோடு போய்விடும். எந்தத் தேதி, எத்தனை மணிக்குப் போனீர்கள், எந்த மருந்து இல்லை என்றார்கள், அன்றைக்கு எத்தனை பேர் காத்திருந்தார்கள் என்று எழுதிக் கொண்டுபோய், தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள். அங்கே வேலை பார்க்கும் நர்சம்மாவையும் முன்னதாகப் பார்த்துப் பேசுங்கள். காலியிடம் எத்தனை, ராத்திரிப் பணிக்கு ஆள் உண்டா, பிரசவ அறைக்குத் தண்ணீர் வருகிறதா என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும், பல நேரம் நம்மைவிட அவருக்கே அது பெரிய கவலையாக இருக்கும். ஊர் சேர்ந்து செய்து கொடுக்கக்கூடியது ஏதாவது இருந்தால், மின்விசிறியோ தண்ணீர்த் தொட்டியோ காத்திருப்பவர்களுக்கு நிழல் பந்தலோ, அதை நோயாளர் நலச் சங்கம் வழியாக ரசீதோடு கொடுக்கலாம்.